சுகர் என்று சொன்னான்

என் கொழுந்தன் பாஸ்கரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயிலிருந்து எழுந்து வந்தவர்கள் எழுதியதை நானும் படித்திருக்கிறேன். கடைசியில் எல்லோருக்கும் நன்றி சொல்லி, எல்லோரையும் மன்னித்து முடிப்பார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். மன்னிப்பு என்னிடம் இல்லை.

செஞ்சி பஜாரில் எங்களுக்குப் பாத்திரக்கடை. மாமனார் வைத்தது. அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் பார்க்கிறார், நானும் கல்லாவில் உட்காருவேன். அதே கட்டிடத்தில் ஒரு சுவர் தள்ளி பாஸ்கரின் மெடிக்கல். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தவள் நான். பார்மசி படிப்புக்காக அவனை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்ட அன்று வீட்டில் அழுதவளும் நான்தான்.

என் கதை ஒரு அண்டாவில் ஆரம்பித்தது. கல்யாண சீசன். மேல் பரணிலிருந்து பித்தளை அண்டா ஒன்றை இறக்கும்போது இடுப்பில் ஏதோ பட்டென்று விட்டுப்போனது. பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்குமாம். அது பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஆபரேஷன் வேண்டாம், ஓய்வு போதும் என்று சொல்லி, வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் போடக்கூடாது என்று அந்த டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

அந்த மாத்திரையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. படித்துவிட்டு யாராவது கடைக்குப் போய்க் கேட்பார்கள். அபின் குடும்பத்தைச் சேர்ந்தது, அவ்வளவு தெரிந்தால் போதும். கசகசாச் செடியிலிருந்து எடுப்பதல்ல, பேக்டரியில் செய்வது. ஆனால் மூளைக்குள் போய் உட்காரும் இடம் அபின் உட்காரும் அதே இடம்தான்.

இரண்டு வாரம் முடிந்து மாத்திரையை நிறுத்தினேன். வலி திரும்ப வந்தது. மறுபடி பாண்டிக்குப் போகலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். பாஸ்கர்தான் தடுத்தான்.

“நம்ம கடை இருக்கச்சொல்ல நீங்க எதுக்கு அண்ணி பஸ்ஸுல குலுங்கிக்கினு போவணும்? அதே மாத்திரதான். நான் தரேன்.”

தந்தான். சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் ஒரு அட்டை மாத்திரையைக் கல்லா மேசையில் வைத்துவிட்டுப் போவான். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். அது எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

முதலில் வலிக்காகப் போட்டேன். பிறகு வலி இல்லாத நாளிலும் போட்டேன், ஏனென்றால் போடாத நாளில் எனக்கு வேறொரு வியாதி வந்தது. மூக்கு ஒழுகும். கொட்டாவி நிற்காது. கால் எலும்புக்குள் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். வயிறு கலங்கும், அழுகை வரும். மாத்திரை உள்ளே போன கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இது எனக்கு என்ன என்று பாஸ்கரிடம் கேட்டேன். உடம்பில் சத்து இல்லை, அதனால்தான் என்றான். அது சத்துக் குறைவு அல்ல, மாத்திரைக்கு உடம்பு அடிமையானதன் அடையாளம். பார்மசி படித்தவனுக்கு அது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். தூக்கம் வரவில்லை என்றபோது தூக்க மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தான். அந்த இரண்டும் ஒன்றாக ஒரு வயிற்றுக்குள் போகக்கூடாது. அதையும் அவன் படித்திருப்பான்.

இந்தச் சமயத்தில் ஊரில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தார்கள். அரசு உத்தரவு, எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் உண்டு. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வியாபாரிகள் சார்பில் மேடையில் நின்று பிள்ளைகளுக்கு முன்னால் கையை நீட்டி உறுதிமொழி சொன்னவன் பாஸ்கர். பேனரின் அடியில் அவன் கடைப் பெயர் இருந்தது. நானும் போயிருந்தேன். நன்றாகப் பேசினான் என்று பெருமையாகக்கூட இருந்தது. அன்று காலையில் நான் போட்ட மாத்திரை அவன் கொடுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, அந்த இரண்டு வகை மாத்திரையையும் போட்டுக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் படுத்தேன். படுத்தது வரைதான் நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் வீட்டுக்காரர் சொன்னது. தண்ணீர் எடுக்க உள்ளே வந்தவர் என் குறட்டை ஒரு மாதிரி இருப்பதைக் கேட்டிருக்கிறார். இழுத்து, நிறுத்தி, வெகு நேரம் கழித்து மறுபடி இழுத்து. உதடு நாவல்பழம் தின்றது மாதிரி இருந்ததாம். கன்னத்தில் அடித்துப் பார்த்திருக்கிறார், நான் எழவில்லை. பக்கத்துக் கடைக்காரர்களும் அவருமாகத் தூக்கி ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாஸ்கர் பைக்கில் பின்னாலேயே வந்தான்.

அவசரப் பிரிவில் ஒரு இளவயது டாக்டர் இருந்தார். மூச்சுக்கு மாஸ்க் வைத்துக்கொண்டே, இந்த அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டிருக்கிறார். வலி மாத்திரை எப்போதோ நின்றுவிட்டது என்றுதான் என் வீட்டுக்காரர் நினைத்திருந்தார். மருந்து விஷயமெல்லாம் தம்பியின் பொறுப்பு என்று விட்டிருந்தவர், அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியவர். அவர் பாஸ்கரைப் பார்த்தார். பாஸ்கர் சொன்னான்: “சுகர் இருக்குது சார். மதியம் சரியா சாப்ட்டு இருக்க மாட்டாங்க. லோ சுகர்.”

எனக்குச் சர்க்கரை கிடையாது.

டாக்டர் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார். சரியாக இருந்தது. வேறு ஏதாவது மாத்திரை உண்டா என்று மறுபடியும் கேட்டார். பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்றான் பாஸ்கர். அங்கே என் மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. மூளையில் மூச்சை நடத்தும் இடம் ஒன்று இருக்கிறது. இந்த மாத்திரை அளவுக்கு மீறினால் அந்த இடம் தூங்கிப்போகும். மூச்சு விட வேண்டும் என்பதே உடம்புக்கு மறந்துவிடும். வலி இருக்காது, போராட்டம் இருக்காது. பார்க்கிறவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் மாதிரி தெரியும். அவன் இரண்டாவது தடவை பொய் சொன்னபோது நான் அப்படிப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த டாக்டர் அவன் பேச்சை நம்பி நிற்கவில்லை. என் கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. உடனே நர்ஸிடம் ஒரு ஊசி மருந்தைச் சொன்னார். நலாக்ஸோன். இந்தப் பெயரைத் தாராளமாக எழுதலாம், எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அபின் வகை மருந்து மூளையில் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு இது போய் உட்காரும். வேறு எந்த விஷத்துக்கும் இது வேலை செய்யாது.

எனக்கு நினைவு வந்தது. நிம்மதியாக ஒன்றும் வரவில்லை. குளிர்ந்த கிணற்றிலிருந்து தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தது மாதிரி வந்தது. வாந்தி எடுத்தேன், நடுங்கினேன், என்னை விடுங்கள் என்று கத்தினேனாம். அந்தக் கூச்சலுக்கு நடுவில் டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: “இந்த ஊசிக்கு எழுந்துட்டாங்கன்னா, உள்ள போனது அந்த மாத்திரதான். யார் குடுத்தாங்கன்னு நீங்கதான் பாக்கணும்.”

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பாஸ்கர் அங்கே இல்லை. கடையைத் திறந்தபடி விட்டு வந்ததாக வாசலில் யாரிடமோ சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அந்த ஊசியின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும், மாத்திரை உடம்பில் அதைவிட அதிக நேரம் இருக்கும், மறுபடி மூச்சு நிற்கலாம் என்று சொல்லி என்னை 108-இல் ஏற்றி மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆக்சிஜன், சொட்டுச் சொட்டாக அதே மருந்து, மானிட்டரின் சத்தம். சென்னையில் வேலை செய்யும் என் மகள் நித்யா வந்து சேர்ந்தாள். அவள் கட்டிலில் உட்கார்ந்து சிக்கு விழுந்த என் தலையைப் பொறுமையாக வாரிவிட்டாள். யாரும்மா கொடுத்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சித்தப்பா என்றேன். சீப்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி வார ஆரம்பித்தாள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்றானதும் போதை மீட்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். பலகையைப் பார்த்ததும் நான் உள்ளே வர மாட்டேன் என்றேன். குடிகாரர்கள் வரும் இடம் என்று நினைத்திருந்தேன். பெண்களுக்கென்று தனி அறை இல்லை. ஒரு மூலையில் துணி மறைப்புக் கட்டி எனக்குக் கட்டில் போட்டார்கள். பஜாரில் நாலு பேர் மதிக்கும் வீட்டு மருமகள், மறைப்புக்கு அந்தப் பக்கம் வாந்தி எடுக்கும் ஆண்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இந்தப் பக்கம் நானும் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா ஐம்பது வயதைத் தாண்டியவர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார். அதுவும் அபின் வகைதான் என்று அவரே சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு மாத்திரையிலிருந்து தப்பி வந்தவளுக்கு இன்னொரு மாத்திரையா? அவர் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். இது மூளையின் அந்த இடத்தைப் பாதி நிரப்பும், அதற்கு மேல் நிரப்பாது. மயக்கம் தராது, தவிப்பை அடக்கும். ஒரேயடியாக நிறுத்தினால் பலர் தாங்க முடியாமல் பழையதைத் தேடிப் போவார்கள். அப்போதுதான் சாவு. கொஞ்ச நாள் இல்லாமல் இருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. முன்பு பழகியிருந்த அதே அளவே கொன்றுவிடும். அதனால் இது அரசாங்கமே கொடுக்கும் மாத்திரை, காசு கிடையாது, ஆனால் எங்கள் கண் முன்னால் சாப்பிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போக இப்போது விட மாட்டோம். சுகர்க்காரர் சுகருக்குப் போடவில்லையா, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் நல்ல எண்ணத்தில் சொன்னது. சுகர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்காரர் அந்த நாட்களில் சமைக்கக் கற்றுக்கொண்டார். காலை பஸ்ஸில் கஞ்சியும் துவையலும் வரும். உப்பு ஒருநாள் இருக்காது, ஒருநாள் இரண்டு தடவை போட்டிருப்பார். நான் குடித்து முடிக்கும்வரை வராந்தாவில் நிற்பார், பாத்திரத்தைக் கழுவுவார், மத்தியான பஸ் பிடிப்பார். ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒருமுறை சொன்னதோடு சரி, தம்பியைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மனசுக்குள் அவர் இரண்டாகக் கிழிந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அப்போது அதில் இரக்கம் வரவில்லை.

பாஸ்கர் ஒரு நாள் தனியாக வந்தான். ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். பாண்டியில் ஏதோ கடையில் நீங்களே வாங்கியதாகச் சொல்லிவிடுங்கள், கேஸ் ஷீட்டில் அப்படி எழுதிவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை, குடும்பம் வெளியே சிரிக்கக்கூடாது என்றான்.

“நீங்க கேட்டீங்க, நான் குடுத்தேன் அண்ணி. மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது?”

“அது இருக்கட்டும். டாக்டர் கேக்கச்சொல்ல ஏன் பாஸ்கர் சொல்லல?”

அவன் ஆப்பிள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “சொல்லியிருந்தா கடை போயிருக்கும்.”

அவன் பொய் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன், மறந்துவிட்டேன் என்று ஏதாவது சொல்லியிருந்தால், அன்று நான் இருந்த பலவீனத்தில் ஒருவேளை விட்டிருப்பேன். ஆனால் உண்மையைச் சொன்னான். தராசில் ஒரு தட்டில் நான், ஒரு தட்டில் கடை. அவன் பார்த்து எடை போட்டிருக்கிறான்.

“போவும்,” என்றேன். “அந்தக் கடை போவும். ஆப்பிள எடுத்துக்கினு போ.”

அவன் போன பிறகு மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மன்னிக்கச் சொல்லி, நீங்கள் பேசியது காதில் விழுந்துவிட்டது என்றது. செல்வம் என்பவன், தளவானூர்க்காரன், கட்டிடத்தில் கான்கிரீட் கொட்டச் சென்டரிங் பலகை அடிப்பவன். தோளில் அடிபட்டதற்கு ஆரம்பித்தவன் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் அளவுக்குப் போயிருந்தான். கையெல்லாம் புண். அவன் வாங்கியதும் பாஸ்கரிடம்தான்.

“உங்களப் பாத்திருக்கேம்மா,” என்றான். “பாத்திரக்கடையில ஒக்காந்திருப்பீங்க. நாங்க இந்தப் பக்கம் நின்னு வாங்குவோம்.”

கூட வாங்கிய சிநேகிதன் ஒருவன் தூக்கத்திலேயே செத்துப்போனதாகவும், ஹார்ட் அட்டாக் என்று சொல்லி எடுத்துவிட்டதாகவும் சொன்னான். அவனுக்குச் செல்வத்தைவிட வயது குறைவு. நான் கல்லாவில் உட்கார்ந்து குக்கருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இது நடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து நடக்க முடிந்ததும் நான் முதலில் போனது கோயிலுக்கு அல்ல, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு. அங்கே ஆய்வாளர் ஒரு பெண். முழுவதும் கேட்டார். பிறகு நடைமுறையைச் சொன்னார். சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையை விற்கக்கூடாது, விற்றதை யாருக்கு என்று பதிய வேண்டும், கடையில் கேமரா இருக்க வேண்டும், எல்லாம் விதி. ஆனால் நீங்கள் ஒருவர் மட்டும் புகார் கொடுத்தால் அவர் குடும்பத் தகராறு என்பார், சில நாள் கடையை மூடச் சொல்வோம், மறுபடி திறந்துவிடுவார். வாங்கிய மற்றவர்கள் வாக்குமூலம் கொடுத்தால் உரிமமே போகும். வருவார்களா என்று கேட்டார். கொண்டு வருகிறேன் என்றேன்.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. கடையை ஒருநாளில் மூடிவிட்டால் அங்கே வாங்குகிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். வேறு ஊருக்கு, வேறு சரக்குக்கு. முதலில் அவர்களை இங்கே அனுப்புங்கள், கடை ஓடிப்போகாது என்றார். எனக்கு ஒரு நாள்கூடப் பொறுக்கப் பிடிக்கவில்லை. ஆனால் சாட்சி தேவைப்பட்டதால் பொறுத்தேன். உண்மை அதுதான். யாரையும் காப்பாற்றும் எண்ணம் எனக்கு அப்போது இல்லை. அவனுக்கு எதிராக நிற்க ஆள் வேண்டும்.

மறுபடி கல்லாவில் உட்கார்ந்தேன். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன், மெடிக்கலுக்கு வருகிறவர்கள் தெரியும்படி. வெயிலில் முழுக்கைச் சட்டை, ஒழுகும் மூக்கு, அடக்க முடியாத கொட்டாவி, நிற்க முடியாமல் மாறி மாறித் தூக்கி வைக்கும் கால். அந்தக் காலின் வலி என் காலுக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு திரும்பும்போது கூப்பிடுவேன். தம்பி, இப்படி வா, தண்ணி குடி. நானும் இதே மாத்திரைதான் சாப்பிட்டேன், செத்துப் பிழைத்தேன் என்பேன். சிலர் ஓடிவிடுவார்கள். சிலர் அங்கேயே குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுவார்கள். செல்வம் என்னோடு கிராமங்களுக்கு வந்தான். தளவானூரில் அவனோடு வேலை செய்தவர்கள், தொண்டூரில் ஒரு ஆட்டோக்காரர், பனமலை ஏரிக்கரையில் சீட்டாடும் கும்பலில் இரண்டு பேர். பெரிய ஆஸ்பத்திரி பஸ்ஸில் எங்கள் கூட்டம் பெருகியது. நாக்குக்கு அடியில் மாத்திரை கரையும்வரை பேச முடியாமல் வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

பாஸ்கர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு சுவர்தான் இடையில். ஒருநாள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் உள்ளே போனான். அன்று எனக்குச் சாப்பாடு ருசித்தது.

வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடி, விட்டுவிடலாமே என்றார். அவருடைய நைனா, என் மாமனார், சாகும்போது தம்பியின் கையை இவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனதைச் சொன்னார். நான் கோபப்படவில்லை. நைனா இருந்து, ஆஸ்பத்திரியில் அன்று அவரே நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் தட்டை நகர்த்தி வைத்தார். கை கழுவ எழுந்து போய்விட்டார்.

ஆய்வாளர் இரண்டு அலுவலர்களோடு வந்தது பஜார் நிறைந்திருந்த ஒரு முற்பகல். மெடிக்கலுக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. விதிப்படி கேமரா இருந்தது. அது மருந்து விற்கும் இடத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதிவில் இருந்த சீட்டுகளில் பாதி, ஊரைவிட்டு எப்போதோ போய்விட்ட ஒரு டாக்டரின் பெயரில் இருந்தன. பாஸ்கர் கலங்கவில்லை. ஆய்வாளரிடம் எல்லோர் காதிலும் விழும்படி பேசினான்.

“எங்க அண்ணிக்கு இந்த மாத்திரப் பழக்கம் இருக்குது மேடம். ட்ரீட்மெண்ட்ல இருக்காங்க. கூட்டினு வந்திருக்கிற ஆளுங்களும் அப்பிடித்தான். இவங்க பேச்ச இன்னான்னு எடுத்துப்பீங்க?”

பஜார் முழுக்க என்னைப் பார்த்தது. பஜார்க்காரர்களிடம் நான் அதுவரை ஒளித்து வைத்திருந்ததை அவன் தெருவில் போட்டுவிட்டான். ஆமாம், பழக்கம் இருக்கிறது, இவன் கொடுத்துதான் வந்தது என்று சொன்னேன். ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். கூட வந்தவர்களில் இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். எல்லாம் அங்கேயே முடிந்துவிடும் என்று தோன்றியது.

அப்போது என் வீட்டுக்காரர் எங்கள் கடையிலிருந்து இறங்கி வந்தார். தோளில் பாத்திரம் துடைக்கும் துணி இருந்தது.

“மேடம், எனக்கு எந்தப் பழக்கமும் இல்ல. நான் சொல்றத எழுதிக்கோங்க,” என்றார். “டாக்டரு கேட்டாரு, இன்னா மாத்திர சாப்ட்டாங்கன்னு. இவன் என் பக்கத்துல நின்னான். சுகருன்னு சொன்னான். ரெண்டாவது வாட்டி கேட்டாரு. அப்பவும் சொல்லல. அவ செத்துக்கினு இருந்தா.”

பாஸ்கர் “அண்ணா” என்றான். அவர் அவன் பக்கம் திரும்பவேயில்லை. கையெழுத்துப் போட எங்கே என்று ஆய்வாளரிடம் கேட்டார். பின்னால் நகர்ந்த இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

ஷட்டரை இழுத்து மூடி சீல் வைத்தார்கள். விசாரணை நடந்து உரிமம் ரத்தானது. கேஸ் கோர்ட்டில் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தினமும் கடைக்கு வரும்போது அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் கடையைத் திறப்பேன்.

முருகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனமலைப் பக்கம் லோடு வண்டி ஓட்டியவன், பாஸ்கரிடம் மாத்திரை வாங்கியவன். நான் இரண்டு தடவை அழைத்தும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஒருநாள் பஸ்ஸுக்குப் போனால் ஒருநாள் கூலி போகும் என்றான். கடை மூடிய பிறகு கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். பிறகு வேறெங்கோ கிடைத்திருக்கிறது. பழைய அளவைப் போட்டான். வண்டியிலேயே கிடந்தான். டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. ஊசி மருந்து கையில் இருந்த ஒருவரும் அவனுக்குப் பக்கத்தில் இல்லை.

நான் துக்கத்துக்குப் போனேன். அவன் பெண்டாட்டி என்னை யாரென்று தெரிந்துகொண்டாள். “கடை தொறந்திருந்தா அவரு இருந்திருப்பாரு,” என்றாள். திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் சண்டை போட்டேன். செஞ்சியிலேயே அந்த மாத்திரையைக் கொடுத்தால் என்ன, 108 வண்டிக்காரருக்கும் கிராம நர்ஸுக்கும் அந்த ஊசியைக் கொடுத்து வைத்தால் என்ன, கடையை மூடும் உத்தரவு மட்டும் எப்படிச் சீக்கிரம் வருகிறது என்று கேட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. எழுதிக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். செல்வமும் மற்றவர்களும் போட்டார்கள், மனு கலெக்டர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் செஞ்சி ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கலாமா என்று பார்க்கிறார்கள். முருகனுடைய சாவில் எனக்குப் பங்கு உண்டா என்று இன்னும் யோசிக்கிறேன். அவனுக்கு அந்த மாத்திரையை முதலில் கொடுத்தவன் யார் என்பதில் மட்டும் எனக்கு யோசனை இல்லை.

என் மாத்திரையின் அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். இடுப்பு மழை நாளில் வலிக்கிறது. வெந்நீர் ஒத்தடத்தோடு சமாளிக்கிறேன். அண்டா தூக்குவதில்லை.

போன மாதம் நித்யா போனில் ஒரு செய்தி சொன்னாள். சித்தப்பா திண்டிவனத்தில், சித்தியின் பெயரில், கூலிக்கு ஒரு பார்மசிஸ்டை வைத்து மெடிக்கல் திறக்கிறாராம். மறுநாள் காலை வீட்டுக்காரரிடம் திண்டிவனம் போகிறேன் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

இடம் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. புது ஷட்டர், உள்ளே கண்ணாடி அலமாரி அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஏணி போட்டு ஒருவர் பலகையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நான் எதிரில் இருந்த டீக்கடையில் நின்று ஒரு டீ சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பாஸ்கர் வெளியே வந்து, எழுத்து நேராக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பும்போது என்னைக் கண்டான்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கையிலிருந்த பையைக்கூட நகர்த்தவில்லை. அவன் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தான். நடுவில் பஸ்கள் போயின. ஒவ்வொரு பஸ் போன பிறகும் நான் அங்கேயே இருக்கிறேனா என்று பார்த்தான். கடைசியில் ஏணிக்குக் கீழே போய் ஏதோ சொன்னான். பெயர் எழுதுகிறவர் புரியாமல் குனிந்து கேட்டார். அவன் மறுபடி சொன்னான். அவர் பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு, பாதி எழுத்தோடு இறங்கினார்.

டீயை நிதானமாகக் குடித்து முடித்தேன். பிறகு டீக்கடைக்காரரிடம் மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு வழி கேட்டேன்.